கேம் பெட்டிக்கு வைஃபை பாஸ்வேர்ட்: ஸ்டிக்கரைப் பார்ப்பதா, போனைக் கேட்பதா, ரீசெட் அடிப்பதா?

கனடாவில் இருந்து வந்த மாமா, தன் மகன் விளையாடி முடித்த பிளேஸ்டேஷன் 4 ஒன்றை மல்லாவியில் இருக்கும் அக்காவின் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ரிவியில் இணைத்ததும் படம் வந்தது. அடுத்து வைஃபை பாஸ்வேர்ட் கேட்டது. அங்கேதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிம் போட்ட 4ஜி ரவுட்டர், இரண்டு வருடங்களுக்கு முன் கடையில் இருந்து வந்த ஒரு தம்பி பூட்டிக் கொடுத்தது. அன்றைக்குப் போன்களில் அடித்ததோடு சரி, பிறகு அந்த பாஸ்வேர்டை யாரும் நினைக்கவேயில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நான் போகும் பல வீடுகளில் இதே கதைதான். அதனால் அன்று ஒவ்வொரு வழியாகப் பார்த்ததில் எது உண்மையில் உதவும், எது வேலையைக் கூட்டும் என்று எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் செய்வது ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்ப்பது. செலவில்லாத வழி, தவறில்லை. ஆனால் அதில் பெரும்பாலும் இரண்டு பாஸ்வேர்ட் இருக்கும். ஒன்று வைஃபைக்கு, மற்றது ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைவதற்கு. அவசரத்தில் இரண்டாவதை அடித்துவிட்டுப் பெட்டி பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் எட்டு எழுத்துக்குக் குறையாது. ஆகவே 'அட்மின்' என்று ஐந்து ஆங்கில எழுத்தில் இருப்பது அதுவல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஸ்டிக்கரில் உள்ள வைஃபை பெயரும் உங்கள் போனில் தெரியும் பெயரும் வேறு வேறாக இருந்தால், பூட்டியவர் பாஸ்வேர்டையும் மாற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். அக்கா வீட்டில் அப்படித்தான் இருந்தது.

என்னைக் கேட்டால், ஸ்டிக்கரைவிட ஏற்கெனவே இணைந்திருக்கும் போன்தான் நம்பத்தக்கது. ஸ்டிக்கரில் இருப்பது தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்ட். போனில் இருப்பது இன்றைக்கு வேலை செய்கிற பாஸ்வேர்ட். 2019 இல் வந்த ஆன்ட்ரொய்ட் 10 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், செட்டிங்ஸில் வைஃபைக்குள் போய், இணைந்திருக்கும் பெயரைத் திறந்து பகிர்வதற்கான பட்டனை அழுத்துங்கள். போனின் பூட்டைத் திறக்கச் சொல்லும், பிறகு கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் படம் வரும். சில போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். பிளேஸ்டேஷனால் அந்தப் படத்தை வாசிக்க முடியாது, நமக்கு எழுத்துத்தான் வேண்டும். எழுத்துத் தெரியாத போன் என்றால், படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கூகுள் லென்ஸில் திறக்கலாம். நீளமாக ஒரு வரி வந்தால் குழம்ப வேண்டாம். ஆங்கில 'பி' எழுத்துக்கும் முக்காற்புள்ளிக்கும் அடுத்துத் தொடங்கி அரைப்புள்ளிக்கு முன் முடிவதுதான் பாஸ்வேர்ட்.

ஐபோனில் இன்னும் சுலபம். 2022 இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'ஐ' குறியைத் தொட்டால் பாஸ்வேர்ட் வரியே இருக்கிறது. பழைய போன்கள் மட்டும் உள்ள வீட்டில், இணைந்திருக்கும் விண்டோஸ் லப்டொப் அதே உதவியைச் செய்யும்: அந்த வைஃபையின் பண்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், எழுத்துகளைக் காட்டச் சொன்னால் காட்டிவிடும்.

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் கொஞ்சம் சுற்று வழி. இணைந்த போனின் பிரவுசரில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 என்று அடித்துப் பார்க்க வேண்டும், சரியான எண் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போக அந்த இரண்டாவது பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்டை மாற்ற நினைத்தால் மட்டும் இங்கே வாருங்கள்.

பாஸ்வேர்டே தேவைப்படாத வழிகளும் உண்டு. பாஸ்வேர்ட் அடிக்காமலே இணைப்பதற்கான டபிள்யூபிஎஸ் (WPS) பட்டன் ரவுட்டரில் இருந்தால், பிளேஸ்டேஷன் 4 இல் அதே பெயருள்ள தெரிவைத் தேர்ந்து, இரண்டு நிமிடத்துக்குள் ரவுட்டரின் பட்டனை அழுத்தினால் போதும். அதைவிட எனக்குப் பிடித்தது, ரவுட்டரையும் பெட்டியையும் நேரே இணைக்கும் லான் கேபிள். நம் பக்கத்தில் சிக்னலுக்காக 4ஜி ரவுட்டரை ஜன்னலோரம் வைத்திருப்போம், ரிவி ஹோலில் இருக்கும். இடையில் பத்துப் பதினைந்து மீற்றர் வயர் ஓட்டினால் போதும், நூறு மீற்றர் வரை அது தாங்கும். சுவர் மறைப்பால் வரும் தடுமாற்றம் இல்லாமல் போகும். கோபுரத்தில் இருந்து வரும் சிக்னல் மோசமென்றால் மட்டும் வயரால் எதுவும் செய்ய முடியாது.

ரீசெட்டை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊசியால் அந்தச் சின்னத் துளையை அழுத்திப் பிடித்ததும் வீட்டில் உள்ள அத்தனை போனின் வைஃபை இணைப்பும் விடுபடும், ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்ட் திரும்ப வரும். புழுதியிலும் வெயிலிலும் ஸ்டிக்கர் அழிந்திருந்தால் அதுவும் கையில் இருக்காது. ஆகவே ஸ்டிக்கரை வாசிக்க முடியுமா என்று பார்க்காமல் ஊசியைத் தொடாதீர்கள். ஃபைபர் இணைப்பு என்றால் நிறுவனம் போட்டுக் கொடுத்த அமைப்புகளே போய்விடக்கூடும், பிறகு அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் இணையாவிட்டால் பெரிய எழுத்து, சின்ன எழுத்தை ஒருமுறை பாருங்கள். ஆங்கில 'ஓ'வும் பூச்சியமும் பலரை ஏமாற்றும். இன்னொன்று, 2013 இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 க்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை வைஃபை மட்டுந்தான் தெரியும். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் தரும் வைஃபையின் பெயர் அதன் பட்டியலில் வரவே வராது. 2016 இல் வந்த ஸ்லிம், புரோ இரண்டுக்கும் அந்தக் குறை இல்லை.

அக்கா வீட்டில் முடித்துவைத்தது போன்தான். பாஸ்வேர்டாக இருந்தது அக்காவின் போன் நம்பர். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த நம்பர் அது. அன்றைக்கே மாற்றினோம். போன்களில் எல்லாம் புதிதாக அடித்து, கடைசியாகப் பெட்டியிலும் அடித்து, அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டினோம். ஒரு கேமே 50 ஜிபி கேட்டது. அக்காவின் பொதியில் இரவுக்கென்று தனி டேட்டா உண்டு, அதனால் படுக்கப் போகும் நேரத்தில்தான் அக்காவின் மகன் டவுன்லோடைத் தொடங்கினான்.