ஜாக்ஸ்பி அனோட்டேஷன்கள்: ஏற்காட்டுக் காப்பிக் கணக்கோடு இரண்டு பருவங்கள்

ஏற்காட்டுத் தோட்டத்திலிருந்து காப்பி மூட்டைகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கும்போது அவற்றுடன் ஒரு கணக்கும் இறங்க வேண்டும். எந்தப் பிளாக்கில் பறித்தது, என்று பறித்தது, என்ன தரம், ஈரப்பதம் எவ்வளவு, மூட்டை எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்கள் வாடிக்கையாளரான தோட்டத்திடம் காப்பி வாங்கும் நிறுவனம் இந்தக் கணக்கை எக்ஸ்எம்எல் கோப்பாக, அதாவது ஒவ்வொரு தகவலையும் பெயர்க்குறிகளுக்குள் வைக்கும் எழுத்துக் கோப்பாகக் கேட்டது. கோப்பின் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு ஸ்கீமாவையும் அனுப்பியிருந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில் அந்த மென்பொருளை ஜாவாவில் எழுதினோம். தரவின் அமைப்பைச் சொல்லும் ஜாவா கிளாஸ்களை ஸ்கீமாவின் வகைகளோடு பொருத்துவதற்கு ஜாக்ஸ்பி என்னும் நூலகத்தின் அனோட்டேஷன்களை, அதாவது நிரலிலேயே எழுதி வைக்கும் குறிப்புகளைப் பயன்படுத்தினோம். இரண்டு பறிப்புப் பருவங்கள் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஜாக்ஸ்பி நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ளது. 2003-இல் வந்த முதல் பதிப்பு ஸ்கீமாவை வாங்கிக்கொண்டு தானே கிளாஸ்களை உருவாக்கித் தரும். நாம் எழுதி வைத்திருக்கும் கிளாஸை அதனிடம் ஒப்படைக்க வழி இல்லை. ஜாவா 5 வழியாக அனோட்டேஷன்கள் மொழிக்குள் வந்த பிறகு, 2006-இல் வெளியான 2.0 பதிப்பு இந்த நிலையை மாற்றியது. கிளாஸை நம் விருப்பப்படி எழுதி, அதற்குள் மதிப்பைத் தாங்கும் ஒவ்வொரு ஃபீல்டின் தலையிலும் அது எக்ஸ்எம்எல்லில் என்னவாக வேண்டும் என்று ஒரு குறிப்பை வைத்தால் போதும் என்றாயிற்று. ஸ்கீமாவிலிருந்து கிளாஸ் எடுக்க எக்ஸ்ஜேசி என்ற கருவியும், கிளாஸிலிருந்து ஸ்கீமா எடுக்க ஸ்கீமாஜென் என்ற கருவியும் உள்ளன. அனோட்டேஷன்கள் எல்லாவற்றின் பெயரும் எக்ஸ்எம்எல் என்றே தொடங்குவதால், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அந்த முன்னொட்டை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். ஜாவாவில் ஒரு கிளாஸ் என்பது ஸ்கீமாவில் ஒரு வகைக்கு நிகரானது, கோப்பில் பெயர்க்குறியிட்ட பகுதியான எலிமென்ட்டுக்கு நிகரானதன்று. டைப் என்ற அனோட்டேஷன் அந்த வகைக்குப் பெயர் வைக்கிறது; ரூட்எலிமென்ட் என்ற அனோட்டேஷனோ, அந்த வகை ஒரு கோப்பின் தலைவாசலாக நிற்கும்போது எந்தப் பெயரில் நிற்கும் என்று சொல்கிறது. எங்கள் ஸ்கீமாவில் அனுப்புபவர், பெறுபவர் என்று இரண்டு எலிமென்ட்கள் உள்ளன; இரண்டும் முகவரி என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. முகவரி கிளாஸ் ஒன்றை மட்டும் எழுதி, சரக்குக் கிளாஸில் அந்த வகையின் இரண்டு ஃபீல்ட்களை வைத்து, எலிமென்ட் அனோட்டேஷனால் இரண்டு பெயர்களைக் கொடுத்ததும் வேலை முடிந்தது. முகவரி தனியாக ஒரு கோப்பாகப் போவதே இல்லை என்பதால் அதற்கு ரூட்எலிமென்ட் தேவைப்படவில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை எல்லாக் கிளாஸ்களுக்கும் ரூட்எலிமென்ட் போட்டுவைத்திருந்தார். அதனால் எந்தப் பிழையும் எழவில்லை; ஆனால் ஸ்கீமாஜென் உருவாக்கிய ஸ்கீமாவில் தலைவாசல்கள் தேவைக்கு மேல் பெருகியிருந்தன.

வரிசையை இந்த நூலகம் தீவிரமாக எடுத்துக்கொள்கிறது. அது எனக்குப் பிடித்த குணம். ஸ்கீமாவில் சீக்வென்ஸ் என்று சொன்னால் எலிமென்ட்கள் சொன்ன வரிசையில்தான் வர வேண்டும். ஜாவாவோ தன் ஃபீல்ட்களை ரிஃப்ளெக்ஷன் (நிரல் தன் அமைப்பைத் தானே ஆராயும் வசதி) வழியாகக் கேட்கும்போது எந்த வரிசையில் தரும் என்பதற்கு உறுதி எதையும் கொடுப்பதில்லை. ஆகவே டைப் அனோட்டேஷனுக்குள் ப்ராப்ஆர்டர் என்ற பட்டியலை எழுதுவது அவசியம் என்றே கருதுகிறேன். பட்டியலில் ஒரு ஃபீல்டை விட்டுவிட்டால் நிரல் தொடக்கத்திலேயே நின்று, எந்தப் பெயர் விடுபட்டது என்று சொல்லிவிடுகிறது. எலிமென்ட்டின் தொடக்கக் குறிக்குள்ளேயே எழுதப்படும் அட்ரிபியூட்டாகப் போகும் ஃபீல்ட்களைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அட்ரிபியூட்களுக்கு வரிசை கிடையாது.

இயல்பு நிலையில் இது பொதுவாகத் திறந்திருக்கும் கெட்டர்-செட்டர் (மதிப்பை எடுக்கும், வைக்கும் மெத்தட்கள்) இணைகளையும் பொது ஃபீல்ட்களையும் பார்க்கிறது. நாம் தனிப்பட்ட ஃபீல்டின் மீது அனோட்டேஷனை வைத்து, அதற்குக் கெட்டரும் எழுதியிருந்தால், ஒரே பெயரில் இரண்டு பண்புகள் உள்ளன என்று புகார் சொல்லும். ஆக்ஸஸர்டைப் அனோட்டேஷனில் ஃபீல்ட் என்று ஒருமுறை குறிப்பிட்டுவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். பொருளை உருவாக்கித் தரும், அளவுருக்கள் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் ஒவ்வொரு கிளாஸிலும் இருக்க வேண்டும். மாற்ற முடியாத பொருள்களாகக் கிளாஸ்களை எழுதிப் பழகியவர்களுக்கு இது உறுத்தும்.

வகைப் பொருத்தத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். ஸ்ட்ரிங் என்பது ஸ்ட்ரிங்காகவும், பிக்டெசிமல் என்பது டெசிமலாகவும், பைட் வரிசை பேஸ்64 பைனரியாகவும் கேட்காமலே பொருந்துகின்றன. மூட்டை எண்ணிக்கையை முதலில் இன்ட் என்ற முழு எண் வகையாக வைத்திருந்தோம். இன்ட்டுக்கு வெறுமை என்ற நிலை கிடையாது. ஆகவே எண்ணிக்கை இன்னும் தெரியாத சரக்கும் 0 மூட்டை என்று எழுதப்பட்டது. அதை வெறுமையையும் ஏற்கும் இன்டிஜர் என்று மாற்றியதும், மதிப்பு இல்லாதபோது அந்த எலிமென்ட்டே வெளிவரவில்லை. ஸ்கீமாஜென்னும் இந்த வேறுபாட்டை மதித்து, இன்ட்டைக் கட்டாயமானதாகவும் இன்டிஜரை விருப்பத்துக்கு உரியதாகவும் எழுதுகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எலிமென்ட் அனோட்டேஷனில் ரெக்வயர்ட் என்று எழுதினால் அது ஸ்கீமாவில் மட்டுமே பதிவாகும். கோப்பை எழுதும் நேரத்தில் அந்த மதிப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

பண மதிப்பை டபுள் என்ற தசம எண் வகையில் வைத்ததற்கு நாங்கள் விலை கொடுத்தோம். பருவம் முழுவதும் தனித்தனிச் சரக்குகள் சில லட்சம் ரூபாய் மதிப்பில் போய்க்கொண்டிருந்தவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. பருவ முடிவில் மொத்தக் கணக்கைக் கோப்பாக்கியபோது தொகை ஒரு கோடியைத் தாண்டியது. வாங்கும் நிறுவனத்தின் பக்கம் கோப்பு நிராகரிக்கப்பட்டது. ஜாவா ஒரு கோடிக்குக் கீழ் உள்ள டபுளைச் சாதாரண எண்ணாக எழுதும். ஒரு கோடியை எட்டியதும், அடுக்குக் குறி சேர்த்த அறிவியல் வடிவத்துக்கு மாறிவிடும். ஸ்கீமாவின் டெசிமல் வகை அந்த வடிவத்தை ஏற்பதில்லை. ஃபீல்டை பிக்டெசிமலாக மாற்றியதும் தொகை முழு இலக்கங்களோடு சென்றது, ஈரப்பதத்தில் 10.50 என்று பதிந்ததும் இறுதிச் சுழி உதிராமல் அப்படியே போய்ச் சேர்ந்தது. கோடியில் கணக்கு எழுதும் நம் ஊர் நிரலாளர்கள் இதை முதல் நாளிலேயே நினைவில் வைப்பது நல்லது.

தேதியும் இதைப் போன்றதே. பழைய டேட் கிளாஸை இயல்பாக டேட்டைம் வகையாக எழுதுகிறது, அதாவது நேரமும் நேர மண்டலமும் சேர்ந்தே வரும். பறித்த நாள் ஜனவரி 12 என்று நம் நேரப்படி நள்ளிரவாகப் பதிந்து, கோப்பை எழுதும் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், கோப்பில் ஜனவரி 11 மாலை 6.30 என்று தோன்றும். பறித்த நாளுக்கு நேரமே கிடையாது என்பதால் லோக்கல்டேட் கிளாஸே அதற்கு உரியது. ஆனால் அது ஜாவா 8-இல் வந்தது. ஜாக்ஸ்பிக்கு அதனோடு இயல்பான பழக்கம் இல்லை. அடாப்டர் ஒன்றை நாமே எழுத வேண்டும்: தேதியை எழுத்தாக்க ஒரு மெத்தட், எழுத்தைத் தேதியாக்க ஒரு மெத்தட். அத்துடன் ஸ்கீமாடைப் அனோட்டேஷனில் டேட் என்று குறிப்பிடாவிட்டால், ஸ்கீமாஜென் அதை வெறும் ஸ்ட்ரிங் என்று எழுதிவிடும். இருபது வரிக்குள் முடியும் வேலைதான், எனினும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பயனர் தோளில் விட்டுவைத்திருப்பது குறைதான்.

தரப் பெயர்களுக்கு ஈனம், அதாவது ஏற்கத்தக்க மதிப்புகளை முன்கூட்டியே பட்டியலிட்டு வைக்கும் ஜாவா வகை, மிக அழகாகப் பொருந்தியது. கழுவிப் பதப்படுத்திய அரபிகாவைப் பிளாண்டேஷன் என்றும், பழமாகவே உலர்த்தியதைச் செர்ரி என்றும் வழங்குவார்கள். பழத்துக்குள் ஒற்றை விதையாக உருண்டு திரண்டதைத் தோட்டத்திலும் சேலத்துக் காப்பித்தூள் கடைகளிலும் பிபி என்றே சொல்கிறார்கள். கிளாஸில் பீபெர்ரி என்று முழுப் பெயரை வைத்து, ஈனம்வேல்யூ அனோட்டேஷனால் கோப்பில் சுருக்கக் குறியாக வரச் செய்தோம். தோட்டத்து ரைட்டர் ஐயா எங்கள் திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, நாங்க நோட்டுல எழுதுறது ஒண்ணு, அவங்க கேக்குறது ஒண்ணு, ரெண்டும் ஒரே இடத்துல பக்கத்துப் பக்கத்துலயே இருக்கே” என்றார். இந்த அனோட்டேஷன்களின் பெருமதிப்பு அவர் சொன்னதில்தான் இருக்கிறது. பொருத்தம் வேறொரு கோப்பில் ஒளிந்திருக்கவில்லை. ஃபீல்டுக்கு மேலேயே, படிக்கிறவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது.

இனி, என்னைப் பெரிதும் வருத்திய குணத்துக்கு வருகிறேன். கோப்பைப் படிக்கும்போது ஜாக்ஸ்பி எதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. தெரியாத எலிமென்ட் வந்தால் கடந்து போகிறது. ஈனத்தில் இல்லாத தரக் குறி வந்தால் வெறுமையை வைத்துவிட்டு நகர்கிறது. வாங்கும் நிறுவனம் அனுப்பிய ஒப்புதல் கோப்பை முதன்முறை படித்தபோது, பொருள் ஒன்று கிடைத்தது. அதன் ஃபீல்ட்கள் அனைத்தும் வெறுமையாக இருந்தன. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. அரை நாள் தேடிய பிறகு காரணம் புரிந்தது. அவர்களுடைய ஸ்கீமாவில் உள் எலிமென்ட்களும் நேம்ஸ்பேஸுக்குள் (பெயர்கள் மோதாமல் காக்கும் பெயர்வெளிக்குள்) இருந்தன, கிளாஸ்களின் தொகுப்பான எங்கள் பேக்கேஜிலோ அப்படிக் குறிப்பிடவில்லை. பேக்கேஜ்-இன்ஃபோ கோப்பில் ஸ்கீமா அனோட்டேஷனை வைத்து, எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் என்பதைக் குவாலிஃபைட் என்று அமைத்ததும் எல்லா மதிப்புகளும் உரிய இடத்தில் வந்து அமர்ந்தன. அன்றிலிருந்து, படிக்கும்போதும் எழுதும்போதும் செட்ஸ்கீமா என்ற மெத்தட் வழியாக வாங்கும் நிறுவனத்தின் ஸ்கீமாவைக் கொடுத்துச் சரிபார்க்காமல் ஒரு கோப்பும் எங்கள் மென்பொருளைக் கடப்பதில்லை.

அந்தச் சரிபார்ப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. அனோட்டேஷன்களால் வடிவத்தைச் சொல்ல முடியும், வரம்பைச் சொல்ல முடியாது. சரக்கு எண்ணில் இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் இருக்க வேண்டும், பிளாக் பெயர் நாற்பது எழுத்தைத் தாண்டக் கூடாது என்பவை ஸ்கீமாவில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அவற்றைக் கிளாஸின் மேல் வைப்பதற்கு ஜாக்ஸ்பியில் அனோட்டேஷன் கிடையாது. எக்ஸ்ஜேசி கருவியும் ஸ்கீமாவிலிருந்து கிளாஸை எடுக்கும்போது இந்த வரம்புகளை உதிர்த்துவிடுகிறது. ஆகவே கிளாஸிலிருந்து ஸ்கீமாஜென் எடுத்த ஸ்கீமாவை மூல ஸ்கீமாவுக்கு மாற்றாக வைக்க முடியாது. எக்ஸ்ஜேசி தந்த கிளாஸ்களையும் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்தோம். தேதிகள் எக்ஸ்எம்எல்கிரிகோரியன்கேலண்டர் ஆகவும், பட்டியல்கள் செட்டர் இல்லாமலும் வந்தன. எங்களுக்குத் தேவைப்பட்டவை பதினான்கு கிளாஸ்களே என்பதால் கையாலேயே எழுதிக்கொண்டோம். நூற்றுக்கணக்கான வகைகள் கொண்ட ஸ்கீமா என்றால் எக்ஸ்ஜேசியைத்தான் பரிந்துரைப்பேன்.

நிறுவுவதில் ஒரு சொல். ஜாவா 6 முதல் உடன் வந்துகொண்டிருந்த ஜாக்ஸ்பி, 2018-இல் வெளியான ஜாவா 11-இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ஜகார்த்தா எக்ஸ்எம்எல் பைண்டிங் என்ற பெயரில் எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. ஏபிஐ என்ற இடைமுகம் ஒன்று, அதன் செயலாக்கம் ஒன்று என இரண்டையும் நாமே சேர்க்க வேண்டும். 3.0 பதிப்பிலிருந்து பேக்கேஜின் பெயரும் ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாறியது. பழைய பெயரில் அனோட்டேஷனும் புதிய பெயரில் செயலாக்கமுமாகக் கலந்துவிட்டால், கண்ணுக்கு முன்னால் இருக்கும் ரூட்எலிமென்ட்டை இல்லை என்று நிரல் சாதிக்கும். இன்று தொடங்குகிறவர்கள் நேரே 4.0 பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். கிளாஸ்களின் பொருத்தத்தைத் தாங்கும் ஜாக்ஸ்பிகான்டெக்ஸ்ட்டை உருவாக்குவதற்கு நேரம் பிடிக்கும். அதை ஒருமுறை உருவாக்கி ஒரே நேரத்தில் இணையாக ஓடும் எல்லா த்ரெட்களுக்கும் பொதுவாக வைக்கலாம். கோப்பை எழுதும் மார்ஷலரையும் அதைப் படிக்கும் அன்மார்ஷலரையும் அவ்வாறு பகிரக் கூடாது.

தமிழுக்கு இது எந்தத் தடையும் வைக்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு பதிகிறேன். பிளாக் பெயர்கள் தமிழிலேயே யுடிஎஃப்-8 வடிவில் போய் வந்தன. எக்ஸ்எம்எல் எலிமென்ட் பெயர்களும் தமிழில் இருக்கலாம் என்பதால், தோட்டத்துக்குள் மட்டும் புழங்கும் இருப்புக் கோப்பில் மூட்டை, களம், ஈரப்பதம் என்றே பெயர்களை வைத்தோம். ஜாவா ஃபீல்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க, எலிமென்ட் அனோட்டேஷனில் தமிழ்ப் பெயர் நிற்கிறது. நோட்பேடில் திறந்தாலே ரைட்டர் ஐயாவால் அந்தக் கோப்பைப் படிக்க முடிகிறது.

ஸ்கீமா ஒன்றைக் கையில் கொடுத்து, இதன்படி கோப்பு தா என்று கேட்கப்படும் எவருக்கும் இந்த அனோட்டேஷன்களைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். செட்ஸ்கீமாவை இணைக்க வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை. ஸ்கீமாவே இல்லாத, எக்ஸ்எம்எல் வந்தால் சரி என்ற அளவிலான வேலைக்கு ஜாக்சன் என்ற வேறொரு ஜாவா நூலகத்தின் எக்ஸ்எம்எல் பகுதி போதும். எங்கள் வாங்கும் நிறுவனம் வரும் பருவத்துக்கான ஸ்கீமாவைச் சென்ற வாரம் அனுப்பியது. நிழல் மரங்களின் வகையைக் குறிக்க ஓர் எலிமென்ட் அதில் கூடுதலாக உள்ளது. ஒரு ஃபீல்ட், ஓர் ஈனம், ப்ராப்ஆர்டரில் ஒரு பெயர் ஆகியவற்றைச் சேர்த்து, சில்வர் ஓக்கை முதல் மதிப்பாக எழுதி, புதிய ஸ்கீமாவோடு சரிபார்த்தும் முடித்துவிட்டோம்.