குன்னூர் இசைத்தட்டு அறை: கேட்ட பிறகே வாதம்

மேல் குன்னூரில், பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பூங்கா பக்கம் ஏறும் வழியில், ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் சனிக்கிழமை மாலைகளில் மட்டும் திறக்கும் ஓர் இசைத்தட்டு அறை இருக்கிறது. ராக் இசையின் கிட்டார் கலைஞர்களில் யார் பெரியவர், யாருடைய வாசிப்பு காலத்தைத் தாண்டி நிற்கும் என்ற தீராத வழக்கை இவ்வளவு பொறுப்போடு விசாரிக்கும் இடத்தை நான் நீலகிரியில் மட்டுமல்ல, சென்னையிலும் பார்த்ததில்லை. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தேயிலைத் தோட்ட நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்ற உரிமையாளர் கூட்டம் சேர்வதை விரும்பாதவர் என்பதால் நானும் பெயரைக் குறிப்பிடவில்லை. குன்னூரில் பாட்டுக் கேட்கும் பழக்கமுள்ள யாரிடம் விசாரித்தாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

அங்கே ஒரே ஒரு விதிதான் உண்டு. எந்தக் கலைஞரைப் பற்றியும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு ஆதாரமான இடத்தை இசைத்தட்டில் காட்ட வேண்டும். ஊசியை அந்த இடத்தில் இறக்கி, எல்லோரும் வாய் திறக்காமல் கேட்டு முடித்த பிறகுதான் வாதம் தொடங்கும். பத்திரிகைகள் போடும் ‘தலைசிறந்த நூறு பேர்’ பட்டியல்களை மனப்பாடமாக வைத்திருக்கும் இளைஞர்கள் முதலில் திணறிப்போகிறார்கள். நான் போயிருந்த ஒரு மாலையில் கோவையிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர், “சார், ஹெண்ட்ரிக்ஸ்தான் நம்பர் ஒன், இதுல பேசுறதுக்கு என்ன இருக்கு?” என்றார். “இருக்கட்டும் தம்பி, எந்த இடத்துல நம்பர் ஒன்னுன்னு காட்டுங்க, எல்லாருமே கேப்போம்” என்று உரிமையாளர் அலமாரியைத் திறந்துவிட்டார்.

மாணவர் எடுத்தது அமெரிக்காவின் 1969 வுட்ஸ்டாக் இசைவிழாப் பதிவு. ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலையில், பெரும்பகுதிக் கூட்டம் கலைந்துபோன திடலில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்த பகுதி. ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் ஒலியே தந்தியை மறுபடி அதிரச் செய்து ஊளையிட வைப்பதைத்தான் ஃபீட்பேக் என்கிறோம். ஒலிப்பதிவாளர்கள் பொதுவாகத் தவிர்க்கப் பார்த்த அந்தக் கோளாறை, ஸ்பீக்கருக்கும் கிட்டாருக்கும் இடையிலுள்ள தூரத்தாலும் கோணத்தாலும் ஆண்டு, ஹெண்ட்ரிக்ஸ் குண்டு விழும் ஓசையாகவும் அலறலாகவும் ஆக்கிக் காட்டுகிறார். நல்ல தேர்வுதான். ஆனால் அடுத்து உரிமையாளர் வைத்த ‘லிட்டில் விங்’ என்ற 1967ஆம் ஆண்டின் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான பாட்டுதான் என் பார்வையில் வழக்கைத் தீர்த்தது. பெருவிரலைக் கிட்டாரின் கழுத்துக்கு மேலாக வளைத்து அடித்தந்தியைப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்கு) உள்ளேயே சிறு சிறு சுரக்கோவைகளை அவர் பின்னுகிறார். தாளக் கிட்டார் வேறு, தனிக் கிட்டார் வேறு என்ற பிரிவினையே அங்கே அழிந்துவிடுகிறது. மான்டரே இசைவிழா மேடையில் அவர் கிட்டாரைக் கொளுத்தியதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கைவேலையைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இடக்கைக்காரரான அவர், வலக்கைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற ஃபெண்டர் நிறுவனக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்துத் தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று ஸ்டூடியோ ஆல்பங்களைத் தந்து, 1970 செப்டம்பரில் 27 வயதில் மறைந்தார்.

பேச்சு அங்கிருந்து ஆங்கிலக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்குப் போனது இயல்பே. 1966 அக்டோபர் 1 அன்று லண்டனில் கிளாப்டனின் க்ரீம் குழுவின் மேடையில் ஏறி ஹெண்ட்ரிக்ஸ் ஒரு பாட்டை வாசிக்க, அதைக் கேட்ட கிளாப்டன் பாதியிலேயே மேடையை விட்டு இறங்கிய கதை தெரிந்ததுதான். ஆனால் அதே 1966இல் ஜான் மேயலின் குழுவில் கிப்ஸன் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் முழு ஒலியில் திறந்துவிட்டு அவர் பதிவு செய்த தடித்த, நீண்டு ஒலிக்கும் நாதம், பிறகு வந்த ஒரு தலைமுறை முழுவதற்கும் அடித்தளமானது. இதை எவரும் மறுக்கவில்லை. ஒரு பெண்மணி எழுந்து, 1976இல் பர்மிங்ஹாம் மேடையில் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களுக்கு எதிராகக் கிளாப்டன் பேசிய பேச்சையும், அதற்கு எதிர்வினையாகவே பிரிட்டனில் இனவெறியை எதிர்க்கும் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் பிறந்ததையும் எடுத்துச் சொன்னார். அதற்கு எந்தத் தட்டைக் காட்டுவீர்கள் என்று ஒருவர் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களிடமிருந்தே தன் கலை முழுவதையும் பெற்ற ஒருவர் அப்படிப் பேசினார் என்பது அவருடைய வரலாற்றின் ஒரு பகுதி. அந்த 1966 நாதமும் அவருடைய வரலாற்றின் ஒரு பகுதி. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

பாரம்பரியம் என்று பேச வந்துவிட்டால் கடன் கணக்கையும் பேசித்தான் ஆக வேண்டும். லெட் ஸெப்பலின் குழுவின் ‘ஹோல் லாட்டா லவ்’ ஒலித்து முடிந்ததும், உரிமையாளர் 1962இல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடிய ‘யூ நீட் லவ்’ தட்டை எடுத்து வைத்தார். பாட்டு வரிகளின் உறவு யார் காதுக்கும் புரியும். ‘யூ நீட் லவ்’ பாட்டை எழுதிய வில்லி டிக்ஸன் வழக்குத் தொடர்ந்து, 1987இல் சமரசம் ஏற்பட்ட பிறகே அவருக்கு உரிய பங்கு கிடைத்தது. லெட் ஸெப்பலினின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் மதிப்பு இதனால் என் கணக்கில் பெரிதாகக் குறையவில்லை. அந்தப் பாட்டின் முதுகெலும்பாகத் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் அடி அவருடையது. பல கிட்டார் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு பாட்டைக் கட்டடமாக எழுப்பும் ஒலிப்பதிவுக் கலையில் அவருக்கு இணை சொல்வது கடினம். ஆனால் இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்காத எவரும் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். இந்த அறை எனக்குச் செய்த பெரிய உதவி அது.

பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமியைப் பற்றி அதிகம் வாதமே எழவில்லை. 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்து, பிளாஸ்டிக்கை உருக்கித் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர் அவர். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் தந்திகளின் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கி அவர் எழுப்பிய கனத்த ஒலியிலிருந்துதான் ஹெவி மெட்டல் என்ற பெருங்கிளை செழித்தது. அதை ஒருமுறை கேட்டோம், எல்லோரும் தலையசைத்தோம், அடுத்த தட்டுக்குப் போனோம்.

அந்த மாலையின் உச்சம் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மருக்கும் வான் ஹேலன் குழுவின் எடி வான் ஹேலனுக்கும் இடையிலான வழக்கு. கில்மர் உணர்ச்சி, வான் ஹேலன் வேகம். ஒருவர் மனிதர், மற்றவர் இயந்திரம் என்று பிரிப்பது பழகிப்போன வாய்ப்பாடு. 1979இன் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாட்டின் இறுதிக் கிட்டார் தனி வாசிப்பையும், 1978இன் ‘இரப்ஷன்’ என்ற 1 நிமிடம் 42 விநாடி வாசிப்பையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, இரண்டும் பதிவான விதத்தை உரிமையாளர் விளக்கினார். கில்மர் அந்தத் தனியைப் பல முறை வாசித்துப் பதிந்து, ஒவ்வொன்றிலும் நன்றாக அமைந்த துண்டுகளைத் தேர்ந்து இணைத்திருக்கிறார். வான் ஹேலனோ, ஸ்டூடியோவில் விரல் பழக்கத்துக்காக வாசித்துக்கொண்டிருந்ததைத் தயாரிப்புத் தரப்பு கேட்டு வியந்து, அதை ஆல்பத்தில் சேர்க்க வைத்தது. அதாவது, நெஞ்சிலிருந்து ஒரே மூச்சில் பீறிட்டதாக நாம் நம்பும் வாசிப்பு நிதானமாகக் கோக்கப்பட்டது. கணக்குப் போட்டுச் செய்ததாக நாம் ஒதுக்கும் வாசிப்புதான் விளையாட்டாகப் பிறந்தது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டபோது இரண்டுமே எனக்கு வேறாக ஒலித்தன. கில்மர் ஒரு சுரத்தை இழுத்து உச்சியில் நிறுத்தி, அங்கே அதை நடுங்கவிடும் இடத்தில், எதை விடுவது என்று தெரிந்த ஒரு தொகுப்பாளரின் கூர்மை தெரிந்தது. வான் ஹேலனின் வலக்கை விரல்கள் கழுத்துப் பலகையைத் தட்டும் கடைசிப் பகுதியில் ஒரு சிறுவனின் குதூகலம் கேட்டது. தட்டி வாசிக்கும் முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ உடலில் தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கிப்ஸனின் ஹம்பக்கர் பிக்கப்பைத் தானே பொருத்தி அவர் உருவாக்கிய கிட்டாரின் வார்ப்பில்தான் எண்பதுகளின் கிட்டார்த் தொழிலே நடந்தது. 2019இல் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போய், அந்தப் பணம் முழுவதும் சுற்றுச்சூழல் அறக்கட்டளைக்குச் சென்றதை ஒருவர் நினைவுபடுத்தினார். பாராட்டுக்குரிய செயல், ஆனால் ஏல விலையை வாசிப்பின் அளவுகோலாகக் கொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

என் வாக்கு ஆங்கிலக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்குக்கு. 1989இல் அவர் பதிவு செய்த ‘வேர் வேர் யூ’ என்ற வாசிப்பைக் கேட்கும்படி நான் கேட்டுக்கொண்டேன். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை உடனே பிடிபடும் என்பது என் நம்பிக்கை. வீணையானாலும் கிட்டாரானாலும், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் ஏறத்தான் செய்யும். இறங்க வேண்டுமானால் முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டு தளர்த்த வேண்டும். பெக் இந்த எல்லையை, தந்திகளை ஒருசேரத் தளர்த்தவும் இறுக்கவும் உதவும் ட்ரெமலோ கம்பியால் கடந்தார். தந்தியை மெல்லத் தொட்டு ஒரு ஹார்மோனிக் சுரத்தை எழுப்பி, கம்பியை அழுத்தியும் தூக்கியும் அந்த ஒரே ஒலியை மேலும் கீழும் நகர்த்தி, ராகமாகவே பாடவைக்கிறார். தந்தியை மீட்டும் பிக் என்ற சிறு வில்லை இல்லாத வெறும் விரல்கள், ஒலி அளவுக் குமிழில் சுண்டுவிரல், உள்ளங்கைக்குள் கம்பி என்று ஒரே கையில் மூன்று வேலைகள் நடக்கின்றன. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலான வழியிலேயே இசை இருக்கிறது என்ற நம் கமகக் கொள்கையை, நம் மரபில் பயிலாத ஒருவர் தன் காதால் மட்டுமே கண்டடைந்தார் என்பதால்தான் 2023 ஜனவரியில் அவர் மறைந்தபோது என்னைப் போன்றவர்கள் துக்கம் கொண்டாடினோம். இன்னொரு ஆங்கிலக் கிட்டார் கலைஞரான ஜான் மெக்லாஃப்ளின் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தவர். சக்தி குழுவில் வயலின் கலைஞர் எல். சங்கரோடும் கடம் கலைஞர் விக்கு விநாயக்ராமோடும் வாசிப்பதற்காக, கழுத்திலுள்ள உலோக மெட்டுகளான ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். சக்தியின் 1976 தட்டு இங்கே நல்ல நிலையில் இருக்கிறது. நீங்கள் போனால் கேட்டு வாங்கி ஒலிக்கச் செய்யுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அலமாரி 1962க்கு முன்னால் போவதில்லை. அமெரிக்கப் பாடகியும் கிட்டார் கலைஞருமான சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பின் ஒரு தட்டுகூட இல்லை என்பதைப் பெருங்குறையாகவே கருதுகிறேன். 1938இலேயே இசைத்தட்டில் பாடி வாசித்து, 1964இல் மான்செஸ்டரின் கைவிடப்பட்ட ரயில் நிலையமொன்றில் ஈர நடைமேடையில் மின்கிட்டாரை ஏந்தி நின்ற அந்தப் பெண்மணியைச் சேர்க்காமல், இந்த வரலாற்றை 1966இல் லண்டனில் தொடங்குவது தவறு. அமெரிக்க ராக் புகழ்மண்டபமே அவரை 2018இல்தான் சேர்த்தது என்பது இந்த அறைக்குச் சமாதானமாகிவிடாது. உரிமையாளரிடம் நேரிலேயே சொன்னேன், குறித்துக்கொண்டார். ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரியும் ஒரே ஒரு தொகுப்புத் தட்டோடு நின்றுவிடுகிறார்.

கருவிகளைப் பொறுத்தவரை, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் துல்லியமாகச் சுழல்கிறது. கல் சுவர்களுக்கு நடுவே கீழ்ச் சுரங்கள் சற்றே திரண்டு முழங்குவதால், பேஸ் கிட்டார் மிகுந்த பாட்டுகளில் தெளிவு குறைகிறது. சுவரில் இரண்டு கனத்த கம்பளிகளைத் தொங்கவிட்டாலே பாதி சரியாகிவிடும். கூரை தகரம். மழை வலுத்தால் மெல்லிய பகுதிகள் கேட்காது. குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம் என்பதால் அந்த மாதங்களில் போவதாக இருந்தால் ஓர் இரைச்சலான ஆல்பத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு போவது நல்லது. மலை ஈரத்தில் தட்டுகளிலும் உறைகளிலும் பூஞ்சை பிடிக்காமல் அவர் காக்கும் விதம் பார்க்க வேண்டியது: ஒவ்வொரு தட்டையும் வைப்பதற்கு முன்னும் பின்னும் தூரிகையால் துடைக்கிறார், அலமாரித் தட்டுதோறும் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து மாற்றுகிறார், விருந்தினர் எவரையும் தட்டின் முகத்தைத் தொட விடுவதில்லை.

நுழைவுக்கு 400 ரூபாய். தேநீரும் வர்க்கியும் அதில் அடக்கம். தேநீர் அருமை, வர்க்கி சுமார். இருக்கைகள் இருபதுக்குள்தான் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளி மாவட்டத்திலிருந்து சொந்த வண்டியில் வருபவர்கள் நீலகிரிக்கான இ-பாஸை எடுத்துக்கொண்டு வரட்டும். வாதம் சூடுபிடித்தால் ஒன்பது மணியைத் தாண்டிவிடும். ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ திரும்ப வேண்டியவர்கள் பேருந்தை நம்பாமல் வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.