மலையக மழைக்கு பின்லொக்: காசுக்குப் பெறுமதியா?

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியில், தென்மேல் பருவமழைக் காலத்தில், மோட்டார் சைக்கிளில் கினிகத்தேனை தாண்டியதும், ஹெல்மட் வைசரின் (முகத்தை மூடும் தெளிந்த பிளாஸ்டிக்) உட்பக்கம்தான் முதலில் கைவிடும். வெளியே விழும் துளியை விரலால் வழித்துவிடலாம். உள்ளே படியும் ஆவியைப் போக்க வைசரைத் திறக்க வேண்டும். திறந்தால் மழை கண்ணில் அடிக்கும். சூடும் ஈரமுமாக வெளிவரும் மூச்சு, மழை ஓயாமல் குளிர்விக்கும் பிளாஸ்டிக்கில் பட்ட உடனே நீராகிவிடுகிறது. நேர் வீதியில் வேகக் காற்று ஹெல்மட்டின் வென்ட் (காற்றுத் துவாரம்) வழியாகப் புகுந்து அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். வட்டவளை வளைவுகளில் பஸ்ஸுக்குப் பின்னால் 25 கிலோமீற்றரில் ஊரும்போது அந்தக் காற்று எங்கே?

இதற்கென்றே செய்யப்பட்ட சாமான் பின்லொக். வைசரின் உட்புறம் பொருந்தும் இரண்டாவது மெல்லிய லென்ஸ் இது. ஓரம் சுற்றிவர ஓடும் சிலிக்கோன் வரம்பு வைசரோடு ஒட்டி, நடுவில் காற்றை அடைத்து வைக்கிறது. வெளி வைசர் குளிர்ந்தாலும் உள் லென்ஸ் அவ்வளவு குளிராது. அந்த லென்ஸே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருளால் ஆனது. 30, 70, 120 என்று தரம் உண்டு. எண் கூடினால் மங்காமல் தாங்கும் நேரமும் கூடும். நுவரெலியா, தலவாக்கலை, நானுஓயாப் பக்கம் தினமும் ஓடுகிறவர்கள் 70க்குக் கீழே வாங்க வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் வைசரைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்ன முளைகள் இருந்தால்தான் இது பூட்டும். லென்ஸும் அந்தந்த வைசர் மொடலுக்கு வேறு வேறு. முளை இல்லாத வைசரில் வீட்டு ட்ரில்லால் ஓட்டை போட்டால் அந்த இடத்திலிருந்து வெடிப்பு ஓடும். அப்படியான வைசருக்கு ஒட்டும் வகை லென்ஸ் விற்கிறார்கள். ஒட்டும்போது ஒரு மூலை விட்டுப்போனாலும் அதற்குள் ஈரம் புகுந்துவிடும்.

பூட்டுவது பத்து நிமிட வேலை. வைசரைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு மணல் துகள் சிலிக்கோனுக்கு அடியில் சிக்கினாலும் அது வைசரை அரைத்துக்கொண்டே இருக்கும். வைசரின் இரு நுனியையும் வெளிப்பக்கம் இழுத்து வளைவைத் தட்டையாக்கி, முளைகளுக்கு நடுவே லென்ஸை வைத்து, மெதுவாக விடுங்கள். பிறகு வெளிச்சத்தில் பிடித்து, சிலிக்கோன் வரம்பு எங்கும் இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டாவிட்டால் முளையைக் கொஞ்சம் திருப்பலாம். அது மையம் விலகி இருப்பதால் திருப்பத் திருப்ப இறுக்கம் மாறும். இரண்டு முளையையும் ஒரே அளவு திருப்புங்கள். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளைக் கடைசியாக உரியுங்கள்.

குறைகளும் உண்டு. லென்ஸ் மிருதுவானது, உலர் துணி பட்டாலே கீறும். எதிரே வரும் லொறியின் லைட் இரவில் இரட்டையாகத் தெரியும். றம்பொடை இறக்கத்தில் இது உண்மையிலேயே தொந்தரவு. மணிக்கணக்காக அடைமழையில் வென்டை மூடிக்கொண்டு ஓடினால் லென்ஸ் ஈரத்தில் நிறைந்து அதுவும் மங்கும். ஆகவே தாடை வென்ட் எப்போதும் திறந்தே இருக்கட்டும். வைசருக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஆவி தெரிந்தால் சிலிக்கோன் ஒட்டவில்லை என்று அர்த்தம். கழற்றி, காயவைத்து, மறுபடி பூட்டுங்கள். வீடு வந்ததும் வைசரைத் திறந்து வையுங்கள். அடுப்பங்கரைச் சூட்டில் மட்டும் காயவைக்காதீர்கள், ஹெல்மட்டின் உள் தெர்மோகோலுக்கும் அது கேடு. கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னொரு விஷயம்: பின்லொக் வைசரை மட்டுமே காக்கும். மூக்குக் கண்ணாடி மங்காமலிருக்க, மூச்சைக் கீழே திருப்பும் மூக்கு மறைப்பும் வேண்டும்.

பின்லொக் வாங்க வசதி இல்லையா? பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி எடுத்து வெறும் வைசரின் உட்பக்கம் பூசி, காய்ந்ததும் மெல்லிய பருத்தித் துணியால் தெளியும்வரை துடையுங்கள். ஈரம் துளியாக நிற்காமல் படலமாகப் பரவும், பார்வை தெளிவாகும். ஒரு பயணத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். மழை உள்ளே வழிந்தால் கரைந்து கண்ணை எரிக்கும். கட்டிச் சவர்க்காரத்தில் அரைபொடி கலந்திருக்கலாம், அது வேண்டாம். மங்கல் தடுக்கும் ஸ்பிரேக்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நான் பாத்திரம் கழுவும் திரவத்தோடு நிற்பேன். இரண்டையும் பின்லொக் லென்ஸில் பூசக் கூடாது.

வெளிப்பக்கத்துக்கு விற்கும் நீர் விலக்கி திரவங்களை எங்கள் பாதைகளுக்குப் பெரிதாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். துளி உருண்டு ஓட வேகக் காற்று வேண்டும். கொண்டை ஊசி வளைவில் துளிகள் முத்து முத்தாக அப்படியே நின்று, லைட் பட்டால் இன்னும் மோசமாக மினுங்கும். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் கொஞ்சம் ஓடும். இடது கையுறையின் பெருவிரலில் மாட்டும் ரப்பர் வைப்பர் இங்கே அதிகம் உதவுகிறது. கார்க் கண்ணாடிக்கான ரெயின்-எக்ஸ் பிளாஸ்டிக்குக்கு உரியதல்ல. பிளாஸ்டிக்குக்கென்று அவர்களிடமே வேறு போத்தல் உண்டு. பெற்றோல், தின்னர், அமோனியா சேர்ந்த கண்ணாடி கிளீனர் எதுவும் வைசர் பக்கம் வரக் கூடாது. பஸ் சில்லு அடித்த சேற்றை உலரத் துடைக்காமல், ஈரத் துணியை ஐந்து நிமிடம் போர்த்தி ஊறவிட்டு எடுங்கள்.

ஹப்புத்தளை, ஒஹியப் பக்கம் மூடுபனிக்குள் நுழைந்தால் வெளியேயும் நுண்துளி படியும். அது உள் மங்கலைப் போலவே தெரியும். வெளியே விரலால் ஒரு கோடு இழுங்கள்: கோடு தெளிந்தால் வைப்பர் போதும், தெளியாவிட்டால் வைசரை ஒரு கிளிக் மட்டும் திறந்துகொள்ளுங்கள்.