நாப், டச் ஸ்க்ரீன், டச் பட்டன், வாய்ஸ்: ஓட்டும்போது எது கைக்கு அடங்குது?

போன மழை சீசன்ல ஃப்ரெண்ட் ஒருத்தனோட புது காரை ராத்திரி நேரத்துல ஓட்ட வேண்டி வந்துச்சு. கொஞ்ச தூரம் போறதுக்குள்ள முன் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிஞ்சு எதிர்ல ஒண்ணும் தெரியல. என் பழைய கார்னா யோசிக்கவே வேணாம், கை தானா நாபுக்குப் போயி ஆவி எடுக்கற கண்ணாடி படம் வரைக்கும் திருகும், பக்கத்துல ஃபேனை ரெண்டு கிளிக் ஏத்தும், கண்ணு ரோட்டுலயே இருக்கும். இதுல நாபும் இல்ல பட்டனும் இல்ல, ஸ்க்ரீனோட அடியில பொட்டு மாதிரி ஒரு ஃபேன் படம், அதைத் தொட்டா ஏசி பக்கம், அதுக்குள்ள ஒரு ஓரத்துல தான் கண்ணாடி படமாம். அதைத் தேடிட்டிருக்கும்போதே எவனோ போன் பண்ண, அவன் பேரு ஸ்க்ரீன் முழுக்க வந்து உக்காந்துக்கிச்சு. கடைசியில ஓரங்கட்டி நிறுத்தி துணி எடுத்துத் துடைச்சேன்.

பழக்கம் இல்லாததால தானேன்னு கேப்பீங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஸ்வீடன்ல ஒரு கார் பத்திரிகை 2022-ல இதையே டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கு. மொத்தம் 12 கார், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம், ஓட்டுறவங்களுக்கு காரைப் பழகிக்க முன்னாடியே டைம் குடுத்தாச்சு. அப்புறம் சீட் ஹீட்டர் போடு, டெம்பரேச்சரை 2 டிகிரி ஏத்து, ரேடியோ ஸ்டேஷன் மாத்து, ட்ரிப் மீட்டரை ரீசெட் பண்ணு, இந்த மாதிரி சாதாரண வேலைகள். 2005 மாடல் வால்வோ வி70, முழுக்க பட்டனும் நாபும், 10 செகண்ட்ல முடிஞ்சுது, அதுக்குள்ள கார் 306 மீட்டர் போயிருந்துச்சு. கடைசியா வந்த எம்ஜி மார்வெல் ஆர்-க்கு 44.9 செகண்ட், 1,372 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மேல ஓட்டுறவரோட கவனம் பாதி ஸ்க்ரீன்ல!

ஆனா அதே டெஸ்ட்ல டேசியா சாண்டெரோவும் வால்வோ சி40-யும் டச் ஸ்க்ரீன் வச்சிக்கிட்டே 14 செகண்டுக்குள்ள முடிச்சிருக்கு. அதனால ஸ்க்ரீன்னாலே மோசம்னு ஒரே போடா போட முடியாது, உள்ள எத்தனை மெனுவை அடுக்கி வச்சிருக்காங்கங்கறதும் இருக்கு. மேப் பாக்க, அட்ரஸ் டைப் பண்ண, ரிவர்ஸ் கேமரா பாக்க ஸ்க்ரீனை அடிச்சுக்க ஆளே இல்ல. நாபைத் திருகித் திருகி ஒவ்வொரு எழுத்தா அட்ரஸ் போட்டவங்களுக்கு அந்த நரகம் தெரியும்.

நாப் எங்க ஜெயிக்குதுன்னா, அது இருக்கற இடம் மாறாது, தடவினாலே விரலுக்குத் தெரியும், எவ்ளோ திருகினோம்னு கிளிக் கணக்கு சொல்லிரும். ஸ்க்ரீன்ல விரல் அந்தரத்துல நிக்கும், ஒரு பள்ளத்துல இறங்கினா பக்கத்து ஐகான்ல போயி விழும், அப்புறம் தொட்டது பதிஞ்சுதா இல்லையான்னு மறுபடி ஒரு தடவை பாக்கணும். இதெல்லாம் போதாதுன்னு ஒரு அப்டேட் வந்தா நேத்து இருந்த ஐகான் இன்னைக்கு வேற இடத்துல இருக்கும். ஸ்க்ரீன் செத்தா அதோட சேந்து எத்தனை வேலை சாகும்னும் யோசிக்கணும். டெஸ்லா 2021-ல மாடல் எஸ், எக்ஸ் வண்டிகள்ல சுமார் 1.35 லட்சத்தைத் திரும்ப அழைச்சது ஒரு மெமரி சிப் தேஞ்சு போறதுனால தான். அது போச்சுன்னா ரிவர்ஸ் கேமராவும் போச்சு, கண்ணாடி ஆவி எடுக்கற கன்ட்ரோலும் போச்சு.

கம்பெனிக்காரங்க ஏன் ஸ்க்ரீனை விட மாட்டேங்கறாங்கன்னா, ஒவ்வொரு பட்டனுக்கும் தனி அச்சு, தனி ஒயர், தனி டிசைன் வேணும், ஸ்க்ரீன்னா ஒண்ணைப் பொருத்திட்டு மிச்சத்தை சாஃப்ட்வேர்ல பாத்துக்கலாம். அமெரிக்காவுல 2018 மே-லருந்து புது கார் எல்லாத்துக்கும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம், அதுக்கு எப்படியும் ஒரு ஸ்க்ரீன் வேணும், வச்சது வச்சாச்சு எல்லாத்தையும் அதுக்குள்ளயே தள்ளுவோம்னு ஆயிருச்சு.

இப்ப என் கணக்குல இருக்கறதுலயே படுமோசம் எதுன்னா ஸ்க்ரீன் இல்ல, பட்டன் மாதிரி வேஷம் போட்டுட்டு வழவழன்னு இருக்கற டச் பட்டன் தான். ஸ்க்ரீன்ல நல்ல படமாவது தெரியும், நாப்ல கைக்காவது புடிபடும், இதுல ரெண்டும் கிடையாது. தேடித் தடவினா தடவுற வழியில இருக்கறதெல்லாம் ஆன் ஆகும். ஃபோக்ஸ்வேகன் எட்டாவது ஜெனரேஷன் கோல்ஃப்லயும் ஐடி.3-லயும் வால்யூம், டெம்பரேச்சருக்கு இப்படி ஒரு டச் பட்டை வச்சாங்க, அதுக்கு லைட்டே குடுக்கல, ராத்திரியில குத்துமதிப்பா தான் தொடணும். ஸ்டீரிங்லயும் டச் பட்டன், திருப்பும்போது உள்ளங்கை பட்டாலே எதையாவது மாத்திரும். திட்டு வாங்கி வாங்கி 2024 கோல்ஃப்ல பட்டைக்கு லைட் போட்டு ஸ்டீரிங்குக்கு நிஜ பட்டனைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. வால்யூம், டெம்பரேச்சர், ஃபேன், ஹஸார்ட் (நாலு இண்டிகேட்டரும் சேந்து மின்னுறது) இதுக்கெல்லாம் இனிமே வர்ற கார்கள்ல நிஜ பட்டன் இருக்கும்னு அவங்க டிசைன் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட் 2025-ல சொல்லிட்டார். ஹோண்டாவும் 2016 சிவிக்ல வால்யூம் நாபைத் தூக்கிட்டு 2019 மாடல்ல திரும்ப வச்ச கதை உண்டு.

நடுவுல ஒரு வழி இருந்துச்சு, கியர் பக்கத்துல ஒரே ஒரு பெரிய நாப், ஸ்க்ரீனை எட்டித் தொடாம அதைத் திருகி அழுத்தி எல்லாத்தையும் பண்றது. பிஎம்டபிள்யூ 2001-ல 7 சீரிஸ்ல ஐடிரைவ்னு கொண்டுவந்தப்போ காறித் துப்பினாங்க, பிறகு அதையே தலைல வச்சுக் கொண்டாடினாங்க. மஸ்டா 2019-ல மஸ்டா3-ல டச்சையே எடுத்துட்டு இந்த நாபை மட்டும் விட்டுச்சு. இப்ப புது சிஎக்ஸ்-5-ல நாபைத் தூக்கிட்டு பெரிய டச் ஸ்க்ரீன். எனக்கு இதுல வருத்தம் தான், லிஸ்ட்ல மேல கீழ போறதுக்கு இதைவிட சுகமானது எதுவும் இல்ல.

வாய்ஸ்? கண்ணு ரோட்டுல இருக்கும், அது ப்ளஸ். ஆனா 2020-ல பிரிட்டன்ல டிஆர்எல்ங்கற போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனம் பண்ண சோதனையில, போனை கார் ஸ்க்ரீன்ல காட்டற ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோவை டச்ல பயன்படுத்தினா ரியாக்‌ஷன் டைம் 50 சதவீதத்துக்கு மேல கூடுச்சு, வாய்ஸ்லயும் 30 சதவீதத்துக்குக் குறையல. பின்சீட்ல குழந்தை அழுதா கார் யார் சொன்னதைக் கேக்கும்னும் தெரியாது.

இண்டிகேட்டர், கியர் விஷயத்துல ஒப்பீடே தேவையில்ல, பழசு பழசு தான். 2023-ல புதுசாக்கின டெஸ்லா மாடல் 3-ல இண்டிகேட்டர் லிவரை எடுத்துட்டு ஸ்டீரிங்லயே பட்டன் வச்சாங்க, ரவுண்டானாவுல ஸ்டீரிங் திரும்பியிருக்கும்போது பட்டனும் சேந்து சுத்திரும், எதை அமுக்கறது? மாடல் ஒய்-யை 2025-ல புதுசாக்கினப்ப லிவரை விட்டு வச்சிட்டாங்க. கியர் கதை சிரிக்கற மாதிரி இல்ல. ஃபியட் க்ரைஸ்லரோட சில வண்டிகள்ல எந்த கியர் போட்டாலும் லிவர் நடுவுக்கே வந்து நின்னுரும், பார்க்ல போட்டோம்னு நெனச்சு இறங்கினா வண்டி உருளும். 2016-ல 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைச்சாங்க. அந்த லிஸ்ட்ல இருந்த ஜீப் ஒண்ணு உருண்டு வந்து தான் அதே வருஷம் ஜூன்ல நடிகர் ஆன்டன் யெல்சின் செத்துப் போனார்.

கார்களோட பாதுகாப்பை டெஸ்ட் பண்ணி மார்க் போடற யூரோ என்கேப் 2026-லருந்து இண்டிகேட்டர், ஹஸார்ட், வைப்பர், ஹார்ன், எமர்ஜென்சி கால் அஞ்சுக்கும் தனி பட்டனோ லிவரோ இல்லன்னா முழு மார்க் தர்றதில்லன்னு வச்சிருக்கு. அதுல ஏசியும் கண்ணாடி ஆவியும் இல்லாதது எனக்குக் குறை தான். அதனால அடுத்த கார் பாக்கப் போனா ஷோரூம்லயே கண்ணை மூடிட்டு அது ரெண்டையும் போட்டுப் பாத்துட்டு தான் மைலேஜே கேப்பேன்.

ஃப்ரெண்டுகிட்ட சாவியைத் திருப்பிக் குடுக்கும்போது நடந்ததைச் சொன்னேன். "மூணு விரலைச் சேத்து ஸ்க்ரீன்ல கீழ இழுத்தா ஏசி வந்துரும்டா, மேனுவல்லயே இருக்கே"ன்னான். மேனுவல் எங்கடான்னு கேட்டேன், அதுவும் ஸ்க்ரீனுக்குள்ள தான் இருக்காம்.