740 பவுண்டுக்கு ஒரு ‘கிரிமியா வாள்’: ஏமாந்த கதை

ஆத்திரம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன். அதனால் இன்றே எழுதிவிடுகிறேன்.

தெற்கு இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர், அங்கே ஒரு பழம்பொருள் கடை. 1822-இல் வகுத்த மாதிரிப்படி செய்த பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரி வாள், ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போருக்குப் போய் வந்தது என்றார் கடைக்காரர். பிடித்த கையை மறைத்துக் காக்கும், முலாம் பூசிய பித்தளைக் கைக்காப்பு, அதில் விக்டோரியா அரசியின் ‘வி.ஆர்.’ முத்திரை, கைப்பிடியில் மீன்தோல், அதைச் சுற்றிக் கம்பி. கைக்காப்பைப் பற்றி நான் படித்திருந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அலகைப் பற்றித்தான் படிக்கவில்லை.

வாளைத் தொடுமுன் அவர் எனக்கு வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிவிட்டார். விழுந்தது அங்கேதான். இவ்வளவு பக்குவமாகப் பேணுகிறவர் பொய் சொல்வாரா என்று தோன்றிவிட்டது. உருவப் போனபோது, “முழுதும் வேண்டாம், உறையின் வாய் தேய்ந்துவிடும்” என்றார். ஒரு சாண் மட்டும் உருவினேன். கறுத்த மசகுதான் தெரிந்தது. 740 பவுண்டையும் அங்கேயே வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். மசகு வழிய வழிய ஒரு கிரீடம் தெரிந்தது. அதன் கீழே ‘ஜி’யும் ‘ஆர்’உம், நடுவே ரோமானிய ஐந்து. ஐந்தாம் ஜார்ஜ்! அவர் பட்டத்துக்கு வந்தது 1910-இல். கிரிமியப் போர் 1856-இலேயே முடிந்துவிட்டது. போதாததற்கு அலகு அம்பு போல நேர். கிரிமியா காலத்து அலகில் லேசான வளைவு இருக்கும். குத்துவதற்கென்றே செய்த நேரான அலகு 1892-இல்தான் வந்தது. உறை நேராக இருந்ததையாவது கடையிலேயே பார்த்திருக்க வேண்டாமா நான்? கைப்பிடி முனையில் உள்ள குமிழின் உச்சியில், பிடிக்குள்ளே ஓடும் அலகின் வாலை அடித்து இறுக்கிய இடத்தில், புத்தம்புது அரத் தடம் மின்னியது. ஒரு வாளின் பிடியை இன்னொரு வாளின் அலகில் மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

கடிதம் போட்டேன். மூன்று நாள் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டால், “அந்தக் காலத்தில் அதிகாரிகள் அலகை மாற்றிக்கொள்வது வழக்கம்” என்று எனக்கே பாடம் நடத்தினார். அதற்கு எதற்குக் கிரிமியா என்று சொன்னீர்கள் என்றேன். “நான் அப்படிச் சொல்லவே இல்லையே, ரசீதைப் பாருங்கள்.” பார்த்தேன். ‘பழைய வாள், ஒன்று, 740 பவுண்டு.’ அவ்வளவுதான். அதன் பிறகு எப்போது அழைத்தாலும் முதலாளி கண்காட்சிக்குப் போயிருக்கிறார் என்கிறாள் ஒரு பெண். வருடம் முழுக்கவா கண்காட்சி நடக்கிறது?

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வாளை முழுக்க உருவிப் பாருங்கள். உருவ விடாத கடையிலிருந்து அப்படியே வெளியே வந்துவிடுங்கள். கைக்காப்பில் உள்ள முத்திரையும் அலகில் உள்ள முத்திரையும் ஒரே ஆட்சியைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். வில்கின்சன் என்ற ஆங்கில நிறுவனம் செய்த வாள் என்றால் அலகின் முதுகில் வரிசை எண்ணைத் தேடுங்கள். 1854 முதல் தரமான வாள்களில் எண் இட்டார்கள். வாயால் சொன்னதையெல்லாம் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

சனிக்கிழமை நேரிலேயே போகிறேன். வாளோடு பஸ்ஸில் ஏறினால் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும் என்பதால் நண்பரிடம் கார் கேட்டிருக்கிறேன்.