ஃபெரைட் காந்தமா, நியோடிமியம் காந்தமா?

எதிர்த் துருவங்கள் ஒட்டும், ஒரே துருவங்கள் விலகும். இந்த விதி இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் கையில் எடுத்தால்தான் தெரியும். இரண்டு கறுப்பு ஃபெரைட் வில்லைகளின் வட துருவங்களை நெருக்கினால், நடுவில் பஞ்சு வைத்ததுபோல் மெத்தென்று தள்ளும். நியோடிமியம் என்ற உலோகம் கலந்த, இதைவிட வலுவான காந்தங்களை அதே அளவில் எடுத்து நெருக்கினால் விரலிலிருந்து நழுவி, புரண்டு, மறுபக்கமாக 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். இடையில் சதை சிக்கினால் ரத்தம் கட்டிவிடும்.

இரும்பு ஆக்சைடு கலந்த ஃபெரைட் மலிவானது, துருப்பிடிக்காது. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் பட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் இதுதான். இயர்போன், ஹார்டு டிஸ்க் போல இடம் குறைவான இடங்களில், 1980களில் வந்த நியோடிமியத்தை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நிக்கல் பூச்சு உரிந்தால் துரு ஏறும். சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு என் தேர்வு, வாயில் போட முடியாத அளவு பெரிய ஃபெரைட்தான். நியோடிமியம் உருண்டைகள் இரண்டை விழுங்கினால், குடல் மடிப்புகளுக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்து, குடலையே ஓட்டையாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.