எங்கள் எம்எல்ஏ: ஒரு மானியக் கோரிக்கை சீசன் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்ததில்

ஹோட்டலுக்கு ரிவ்யூ போடுகிறோம், மிக்ஸிக்குப் போடுகிறோம், ஆம்னி பஸ்ஸில் சீட் சாயவில்லை என்றால்கூட ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறோம். ஐந்து வருஷத்துக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் வாங்கிய ஒரு சேவைக்கு மட்டும் யாரும் எழுதக் காணோம், அதனால் நானே எழுதுகிறேன். பெயர், தொகுதி, கட்சி எதையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் கொடியின் நிறத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் படிக்காமல் போய்விடுவீர்கள்.

பயன்படுத்திய காலம், 2025 பட்ஜெட் கூட்டத்தொடர். மார்ச் 14-ம் தேதி பட்ஜெட், மறுநாள் வேளாண் பட்ஜெட், அப்புறம் ஏப்ரல் 29 வரை துறை துறையாக மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பணம் கேட்டுப் பேரவையின் ஒப்புதல் வாங்குவது. விலையையும் சொல்லிவிடுகிறேன்: எம்எல்ஏவின் சம்பளமும் படிகளும் 2017-ல் மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனது. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி, அது தனிக் கணக்கு.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை, அதன் மேல் ஒரு தரைப்பாலம். ஐப்பசியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் தண்ணீர் பாலத்துக்கு மேலே போகும், ஸ்கூல் வேன் பதினோரு கிலோமீட்டர் சுற்றி வரும், பால்காரர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவார். உயர்மட்டப் பாலம் வேண்டும் என்று தை மாதமே மனு எழுதிக்கொண்டு எம்எல்ஏ ஆபீஸுக்குப் போனேன்.

ஆபீஸைப் பற்றி முதலில். உட்கார நாற்காலி உண்டு, மின்விசிறி சுற்றும், டீ வரும். மனுவை வாங்கிக் கையால் நோட்டில் எழுதி நம்பர் கொடுக்கிறார்கள், இதை நான் எதிர்பார்க்கவில்லை. பி.ஏ. மரியாதையான மனுஷன். "அண்ணே சட்டமன்றத்திலேயே கேள்வியா கேட்டுருவாரு, விடுங்க" என்றார். நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

கூட்டத்தொடர் ஆரம்பித்துவிட்டால் இந்தச் சேவையின் வேலை நேரம் அடியோடு மாறிவிடும் என்பதைப் புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பேரவை இல்லாத நாள்களில் ஆள் ஊருக்கு வந்துவிடுவார் என்று நீங்கள் நினைப்பது சரிதான், ஆனால் பங்குனி, சித்திரை என்றால் திருவிழா, கும்பாபிஷேகம், காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் வந்து குவியும். எங்கள் ஆள் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் ஏறி, சனிக்கிழமை காலையில் இறங்கி, ஏழு பந்தலில் தலைகாட்டி, ஞாயிறு ராத்திரி மறுபடி ரயில் ஏறிவிடுவார். நான் அவரைப் பிடித்தது ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் இடத்தில். "தம்பி, ஞாபகம் இருக்கு, பாலம்தானே" என்றார். ஞாபகம் இருந்தது, அதற்கு ஒரு அரை நட்சத்திரம் கொடுக்கலாம்.

சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று அவரிடமே சிபாரிசு வாங்கிப் பார்வையாளர் மாடத்துக்கு பாஸ் எடுத்தேன். கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அடையாள அட்டை வேண்டும், உள்ளே போனால் காலைத் தூக்கி மடித்துக்கூட உட்கார முடியாது, காவலர் வந்து தோளைத் தொடுவார். காலை ஒன்பதரைக்குப் பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளும் பொருளும் சொல்லி ஆரம்பிக்கிறார், உடனே கேள்வி நேரம். 2021 ஆகஸ்டில் காகிதம் இல்லாத பட்ஜெட் வந்ததிலிருந்து ஒவ்வொரு மேசையிலும் ஒரு கணினித் திரை இருக்கிறது. மேலேயிருந்து பார்க்கும்போது சிலர் திரையில் பக்கம் தள்ளிப் படிக்கிறார்கள், சிலர் அதன் மறைவில் பேப்பர் படிக்கிறார்கள். எங்கள் ஆள் திரையில்தான் படித்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்துதான் படித்தாரோ என்னவோ.

கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் வருவதால் வீட்டிலிருந்தே பார்க்கலாம், பாஸுக்கு அலைய வேண்டாம். அசல் கேள்வி சில சமயம் மாதக்கணக்கில் முந்தியே கொடுத்ததாக இருக்கும், அதற்கு அமைச்சர் படிக்கும் பதிலும் பெரும்பாலும் "பரிசீலனையில் உள்ளது", "பரிசீலனையில் இல்லை", "நிதி நிலைமைக்கேற்ப" என்கிற மூன்றுக்குள் அடங்கிவிடும். எம்எல்ஏ வீட்டுப்பாடம் செய்திருக்கிறாரா என்பது அந்தப் பதிலைக் கேட்டபின் எழுந்து கேட்கும் துணைக் கேள்வியில்தான் தெரியும். பக்கத்துத் தொகுதிக்காரர் ஒருவர் எழுந்து, இந்தப் பணிக்கு மதிப்பீடு எந்த அலுவலகத்தில் நிற்கிறது, நபார்டு என்கிற ஊரக வளர்ச்சி வங்கியின் நிதியில் சேர்க்க முடியுமா என்று இரண்டே வரியில் கேட்டு உட்கார்ந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த ஊர்க்காரனாகப் பிறந்திருக்கலாம்.

எங்கள் கேள்வி வாய்மொழியாக வரவே இல்லை. எழுத்துமூலம் பதில் வந்தது, பி.ஏ. வாட்ஸப்பில் அனுப்பினார். ஒரே வரி: அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையின் கட்டுப்பாட்டில் இல்லை. உண்மைதான், அது ஊராட்சி ஒன்றியச் சாலை. கேள்வி போக வேண்டியது ஊரக வளர்ச்சித் துறைக்கு, ஆபீஸில் பாலம் என்று பார்த்ததும் நெடுஞ்சாலைக்குத் தட்டிவிட்டிருக்கிறார்கள். என் மனுவில் சாலையின் பெயர், ஒன்றியம் எல்லாம் எழுதித்தான் கொடுத்திருந்தேன். மூன்று மாதம், ஒரு கேள்வி, ஒரு வரி பதில், எல்லாம் தவறான வாசலில். கடையில் சட்டை கேட்டால் செருப்பைக் கட்டிக் கொடுத்து, அதையும் மூன்று மாதம் கழித்துக் கொடுத்த மாதிரி.

கோபத்தில் போன் போட்டேன். பி.ஏ. மழுப்பவில்லை, "எங்க தப்புதான் அண்ணே" என்றார். ஊரக வளர்ச்சித் துறை மானியக் கோரிக்கை வருகிற நாளில் பேச வாய்ப்புக் கேட்டிருக்கிறோம், அதில் சேர்த்துவிடுகிறோம் என்றார், சேர்க்கவும் செய்தார்கள்.

அந்தப் பேச்சுக்குத் தனியாக மதிப்பெண் போட வேண்டும். அவருக்குக் கிடைத்தது பத்து நிமிஷம்போல. அதில் முதல் மூன்று நிமிஷம் தலைவர்களுக்கு வணக்கம், புகழ், ஒரு எதுகை மோனைக் கவிதை. அப்புறம் எதிர்வரிசையிலிருந்து ஒருவர் ஏதோ சொல்ல, இவர் பதில் சொல்ல, ஒரு வார்த்தை அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட, இரண்டு நிமிஷம் போயிற்று. தொகுதிக் கோரிக்கைகளுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. அவர் அதற்கப்புறம் படித்த வேகத்தை எந்த ரயில்வே அறிவிப்பாளரும் தொட முடியாது: சமுதாயக்கூடம், நூலகக் கட்டடம், சுடுகாட்டுப் பாதை, எங்கள் தரைப்பாலம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஓடைக்குக் கிடைத்தது நான்கு வினாடி இருக்கும். ஆனால் பேரவைக் குறிப்பில் ஏறிவிட்டது, அதுதான் முக்கியம் என்று பி.ஏ. சொன்னார். முதலில் சமாதானப்படுத்துகிறார் என்று நினைத்தேன், பிறகுதான் அதில் கொஞ்சம் விஷயம் இருப்பது புரிந்தது. அமைச்சர் அவையில் செய்து தருகிறேன் என்று சொன்னது நடக்கவில்லை என்றால் துருவிக் கேட்க உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. எம்எல்ஏ வெறுமனே கேட்டதற்கு அந்தப் பலம் கிடையாது, ஆனால் குறிப்பில் இருக்கும் தேதியையும் பக்கத்தையும் காட்டி எழுதும் கடிதத்துக்கு ஒன்றியத்தின் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் கிடைக்கிற மரியாதையே வேறு.

விவாதம் முடிந்ததும் அமைச்சர் பதிலுரை, கடைசியில் புதிய அறிவிப்புகள். ஊர்க்காரர்கள் எல்லாம் அந்தப் பட்டியலை பரீட்சை ரிசல்ட் மாதிரி விரலால் தடவிப் பார்ப்போம். எங்கள் ஊர் இல்லை. சடங்குக்கு, துறை கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் எதிர்க்கட்சியினரின் வெட்டுத் தீர்மானங்கள் இருக்கும், அவை தோற்கும், குரல் வாக்கெடுப்பில் மானியம் நிறைவேறும், அடுத்த துறை. இப்படி 50-க்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகளை ஒன்றரை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் மூச்சு வாங்கும்தான்.

என் பெரிய குறை இதெல்லாம் இல்லை. இந்த ஆளுக்குப் பெயரே சட்டமன்ற உறுப்பினர். அந்தச் சட்டம் செய்கிற வேலையில்தான் சேவை ரொம்ப மோசம். சட்டமுன்வடிவுகள் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் கொத்தாக வரும். கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்கும் சட்டமுன்வடிவு ஏப்ரல் 26-ல் அறிமுகமாகி 29-ல் நிறைவேறியது. நல்ல விஷயம், எங்கள் தெருவில் மகளிர் குழுக் கடனுக்கு வசூல் செய்ய வருகிறவர்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காத கதையெல்லாம் உண்டு. அதனால் அடுத்த சனிக்கிழமை அவரிடமே கேட்டேன், "அண்ணே, அந்தச் சட்டம் நம்ம ஊருக்கு வர்ற கம்பெனிக்குப் பொருந்துமா?" அவர் என் தோளில் கை போட்டு, "நல்ல சட்டம் தம்பி" என்றார். அவ்வளவுதான். கை தூக்கியவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

இது இவர் ஒருவரின் குறை இல்லை என்பதும் தெரியும். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்ததிலிருந்து எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவிடும் கட்சிக் கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி போகலாம், அப்புறம் எதற்கு நாற்பது பக்கம் படிப்பது என்று தோன்றும். ஆனால் 2023 ஏப்ரல் 21-ஐ யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் கூட்டத்தொடரின் கடைசி நாளில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, மூன்றே நாளில் அரசு அதை நிறுத்தி வைத்தது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வரே அறிவித்தார். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அவையில் முன்கூட்டியே நிதானமாக ஒரு வாரம் படித்துப் பேசியிருந்தால் இந்தச் சுற்று எதற்கு?

மார்க் போடுகிறேன். ஆபீஸ் உபசரிப்பு நான்கு. மனுவைப் பின்தொடர்வது மூன்று, தவறான துறைக்கு அனுப்பியதற்கு ஒன்று கழித்தாயிற்று. பேச்சு இரண்டு, கவிதையை வெட்டினால் மூன்றாகும். சட்டம் செய்வது ஒன்று, அதுவும் வருகைப் பதிவுக்காக.

போகிறவர்களுக்கு ஒரு உபயோகமான தகவல்: உங்கள் சாலை எந்தத் துறையுடையது என்பதை மனுவின் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள், நடுவில் எழுதினால் யாரும் பார்ப்பதில்லை. கேள்வி கேட்கச் சொல்வதாக இருந்தால் துணைக் கேள்வியையும் நீங்களே இரண்டு வரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மனுவை கூட்டத்தொடருக்கு மூன்று நான்கு மாதம் முன்னாலேயே கொடுங்கள்.

ஆனி மாதம் ஒன்றியத்திலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். ஓடையின் அகலத்தை அளந்து, பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மஞ்சள் பெயின்டில் ஒரு அம்புக்குறியும் ஒரு எண்ணும் எழுதிவிட்டுப் போனார்கள். எஸ்டிமேட் போடுகிறார்களாம். பால்காரர் தினமும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறார். பாலம் எழும்பினால் நட்சத்திரத்தைத் திருத்துகிறேன்.